இருபுள்ளி எல்லைச் சோதனை: விரல் நுனியில் 0.8 மி.மீ. வருகிறது, எங்கே தப்பு?

வினவி எழுதியது:

இளங்கலை உளவியல் செய்முறை வகுப்புக்கான கேள்வி. ஈஸ்தீசியோமீட்டர் (இரு முனைகளைத் தோலில் வைக்கும் கருவி) வைத்து இருபுள்ளி எல்லை, அதாவது டூ-பாயின்ட் த்ரெஷோல்ட் (இரு முனைகள் இரண்டாகத் தெரியத் தேவையான மிகக் குறைந்த இடைவெளி), எடுக்கிறோம். முறை வழக்கமான மெத்தட் ஆஃப் லிமிட்ஸ்தான். ஒரு வரிசையில் முனைகளை விரித்துக்கொண்டே போவது, அடுத்ததில் குறுக்கிக்கொண்டே வருவது, இப்படி ஐந்து ஏறுவரிசை, ஐந்து இறங்குவரிசை. இடங்கள்: ஆள்காட்டி விரல் நுனி, உள்ளங்கை, முன்கையின் உட்புறம்.

எண்கள் கன்னாபின்னாவென்று வருகின்றன. விரல் நுனியில் ஒருவருக்கு 0.8 மி.மீ., பக்கத்து மேசையில் ஒருவருக்கு 4.5. முன்கையில் 14 முதல் 52 வரை. ஒரே ஆளுக்குச் செவ்வாய்க்கிழமை 3.5, வியாழக்கிழமை 1.5. பாடநூலில் விரல் நுனிக்கு 2 முதல் 3 என்று போட்டிருக்கிறது. இறங்குவரிசையில் கிடைக்கும் எண் ஏறுவரிசையில் கிடைப்பதைவிட ஏறக்குறைய எப்போதும் சிறியதாக இருக்கிறது.

இன்னொன்று. நடுநடுவே ஒற்றை முனையை மட்டும் வைத்துப் பார்த்தால், சிலர் பத்துக்கு நான்கு தடவை "ரெண்டு" என்கிறார்கள்.

1. கோளாறு கருவியிலா, ஆளிலா, முறையிலா?
2. ஒற்றை முனைக்கு "ரெண்டு" என்றவர்களின் ரீடிங்கைத் தூக்கிவிடலாமா?
3. பெரிய செலவில்லாமல் நம்பத்தக்க எண் எடுக்க வழி இருக்கிறதா?

---

மெர்க்கெல்_வட்டு பதில்:

மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. பெரிய பங்கு முறைக்கு. அதிலும் கேட்கும் கேள்விக்கு.

"ஒன்றா, ரெண்டா?" என்று கேட்டால் சப்ஜெக்ட் இரண்டு வேலை செய்கிறார். தோலில் பட்டதை உணர்வது ஒன்று. உணர்ந்ததை "ரெண்டு" என்று சொல்லலாமா என்று தீர்மானிப்பது மற்றொன்று. உங்கள் எண்ணில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. முன்கையில் இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பாருங்கள், உணர்வு ஒன்றிலிருந்து இரண்டுக்குத் தாவாது. முதலில் கூரான ஒரு புள்ளி. பிறகு மழுங்கிய புள்ளி. அது நீண்டு முட்டை வடிவமாகும், பிறகு ஒரு கோடு, அப்புறம் நடுவில் ஒடுங்கி இரு முனையும் தடித்த டம்பெல். கடைசியில்தான் தனித்தனியாக இரண்டு. கோடாகத் தெரிந்ததுமே "ரெண்டு" என்பவர் ஒருவர். டம்பெல் வந்த பிறகும் "இன்னும் ஒட்டிக்கொண்டுதானே இருக்கிறது" என்று "ஒண்ணு" சொல்பவர் இன்னொருவர். இருவருக்கும் தோல் ஒரே தரமாக இருக்கலாம், ரீடிங் மட்டும் பல மி.மீ. விலகும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் மாறியதும் பெரும்பாலும் இந்தத் தீர்மான அளவுகோல்தான். விரல் இரண்டு நாளில் மாறிவிடாது.

ஏறுவரிசை, இறங்குவரிசை வித்தியாசமும் இதே குடும்பம். குறுக்கிக்கொண்டே வரும்போது சப்ஜெக்ட் "ரெண்டு, ரெண்டு" என்ற பழக்கத்திலேயே ஓடுகிறார், ஆகவே எல்லை கீழே இறங்கிப் பதிவாகிறது. விரித்துக்கொண்டே போகும்போது "ஒண்ணு"விலேயே தேங்குகிறார், எல்லை மேலே ஏறுகிறது. பழக்கப் பிழை என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். சராசரி எடுத்தால் இரண்டும் அடிபட்டுப் போகும் என்பது நம்பிக்கைதான், உத்தரவாதமில்லை.

இரண்டாம் கேள்விக்கு: தூக்காதீர்கள். ஒற்றை முனைக்கு "ரெண்டு" சொல்வதைப் பழைய ஜெர்மன் ஆய்வுக்கூடங்களில் வெக்ஸியர்ஃபேலர் என்று தனிப் பெயர் வைத்தே அழைத்தார்கள். உங்களிடம் இருப்பதிலேயே பயனுள்ள தகவல் அதுதான். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரே இடைவெளி, இரண்டு பேர்.

கமலா: இரட்டை முனைக்கு 80 சதவீதம் "ரெண்டு", ஒற்றை முனைக்கு 40 சதவீதம் "ரெண்டு".
விமலா: இரட்டை முனைக்கு 50 சதவீதம், ஒற்றை முனைக்கு 10 சதவீதம்.

உங்கள் முறைப்படி கமலாதான் நுட்பமான விரல்காரி, ஏனென்றால் அதே இடைவெளியில் அதிகம் "ரெண்டு" சொல்கிறார். இப்போது டி-பிரைம், அதாவது வாய் தாராளத்தைக் கழித்துவிட்டுப் பிரித்தறியும் திறனை மட்டும் காட்டும் எண், போடுங்கள். விகிதத்தை இயல்நிலைப் பரவல் அட்டவணையில் பார்த்து இசட் மதிப்பாக மாற்றி, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிக்க வேண்டும். கமலாவுக்கு 0.84 − (−0.25) = 1.09. விமலாவுக்கு 0 − (−1.28) = 1.28. ஆக, விமலாவுக்குத்தான் ஒன்றையும் இரண்டையும் இன்னும் நன்றாகப் பிரித்தறியத் தெரிகிறது. கமலா வாய் தாராளம், அவ்வளவுதான். (பெயர்கள் கணக்குக்காக.)

விகிதம் 0 அல்லது 100 சதவீதமாக வந்துவிட்டால் இசட் முடிவிலிக்குப் போய்விடும். "ரெண்டு" என்ற எண்ணிக்கையோடு 0.5, மொத்த எண்ணிக்கையோடு 1 கூட்டிக்கொண்டு எல்லாருக்கும் ஒரே மாதிரி கணக்கிடுங்கள். பத்துத் தொடுகை போதாது. ஒற்றை 25, இரட்டை 25 இருந்தால்தான் டி-பிரைம் ஓரளவு நிற்கும்.

இதையெல்லாம் செய்தாலும் ஒரு ஓட்டை அடைபடாது. ஒற்றை முனைக்கும் இரட்டை முனைக்கும் உள்ள வித்தியாசம் எண்ணிக்கை மட்டுமல்ல. அதே விசையை ஒரு முனை வழியாகக் கொடுத்தால் தோல் ஆழமாகக் குழியும், இரு முனையில் பகிர்ந்தால் குறைவாகக் குழியும். விசையைச் சமன் செய்தாலும், பக்கத்தில் இன்னொரு முனை இருக்கும்போது அழுத்தத்தை உணரும் மெர்க்கெல் வகை நரம்பிழைகளின் துடிப்பு எண்ணிக்கை குறைகிறது. ஆகவே இரண்டு என்று "தெரியாமலேயே", "இது கொஞ்சம் மந்தமாக இருக்கிறதே, அப்போ ரெண்டு" என்று சரியாகச் சொல்லிவிடலாம். இது இடம் சார்ந்த தகவலே அல்ல, அழுத்தத்தின் அளவு பற்றிய துப்பு. கிரெய்கும் ஜான்சனும் 2000இல் எழுதிய கட்டுரையின் வாதமே இருபுள்ளி எல்லை தொடுபுலனின் இடக்கூர்மையை அளக்கவில்லை என்பதுதான். 2013இல் டாங், மாவ், கோல்ட்ரைக் ஆகியோர் 24 பேரிடம் இதை நேராகவே சோதித்தார்கள். முனைகளுக்கிடையே இடைவெளி பூஜ்யமாக இருந்தபோதும் "எது இரட்டை?" என்பதற்கு ஆட்கள் குருட்டாம்போக்கைவிட நன்றாகவே பதில் சொன்னார்கள். பூஜ்யத்தில் என்ன இடைவெளி, எதைப் பிரித்தறிவது?

உங்கள் 0.8 மி.மீ. எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரியும். விரல் நுனியில் சதுர செ.மீ.க்குச் சுமார் 70 மெர்க்கெல் இழைகளும், லேசான அசைவை உணரும் மெய்ஸ்னர் வகை சுமார் 140ம் இருக்கின்றன என்பது யோஹான்சன், வால்போ 1979இல் கொடுத்த மதிப்பீடு. நுண்ணிய வடிவத்தைத் தெரிவிப்பது முக்கியமாக மெர்க்கெல் இழைகள். 70 என்றால் இழைக்கு இழை இடைவெளி சுமார் 1.2 மி.மீ. வரிப்பள்ளங்கள் கொண்ட தகட்டைத் தொடவைத்து வரிகளின் திசையைக் கேட்கும் சோதனையில் இளவயதினருக்கு 1 மி.மீ. பக்கம் வருவதும் இதோடு ஒத்துப்போகிறது. ஏறு-இறங்கு வரிசையில் 0.8 வந்தால் ஆளைப் பாராட்டாமல் அழுத்தத் துப்பைச் சந்தேகப்படுங்கள்.

---

கைச்சிகிச்சை_மேசை பதில்:

மேலே சொன்னது ஆய்வுக்கூடத்துக்குச் சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு இருபுள்ளிச் சோதனையே குப்பை என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். கை அறுவைப் பிரிவுகளில் இன்றும் அன்றாடம் செய்கிறார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது.

கிளினிக்கில் கேட்பது வேறு. "இந்த விரலின் கூர்மை எத்தனை மி.மீ.?" என்று யாரும் கேட்பதில்லை. வெட்டுப்பட்டுத் தைத்த நரம்பு வேலை செய்கிறதா, எந்த வகுப்பில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அமெரிக்கக் கை அறுவைச் சங்கத்தின் வகுப்புப்படி விரல் நுனியில் 6 மி.மீ.க்குக் கீழே இயல்பு, 6 முதல் 10 சுமார், 11 முதல் 15 மோசம், அதற்கும் மேலே ஒரு புள்ளி மட்டும் தெரிந்தால் பாதுகாப்பு உணர்வு மட்டும் மிச்சம், அதுவும் இல்லையென்றால் உணர்விழப்பு. ஒவ்வொரு இடைவெளியிலும் பத்துக்கு ஏழு சரியாகச் சொன்னால் அந்த இடைவெளி தேறியது. 0.8க்கும் 1.5க்கும் உள்ள வம்பு இந்த வகுப்புப் பிரிப்பைத் தொடுவதே இல்லை. டாங் குழுவின் கட்டுரையிலேயே ஒரு விஷயம் உண்டு, மேலே விட்டுப்போயிற்று: 95 சதவீதம் சரி என்ற உயர்ந்த மட்டத்தில் எல்லை எடுத்தால் பழைய முறையும் அவர்களுடைய புதிய முறையும் (இரு முனைகள் எந்தத் திசையில் இருக்கின்றன என்று கேட்பது) ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் தருகின்றன. கோளாறு சின்ன இடைவெளிகளில் மட்டும்.

(அவர்களே கடைசியில் நரம்புப் பரிசோதனைக்கும் புது முறையைத்தான் பரிந்துரைக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மெர்க்கெல் வந்து சொல்வார்.)

எங்கள் பக்கம் நடக்கும் தவறுகள் வேறு மாதிரி. முதலாவது, விசை. சுவீடன் கை அறுவை நிபுணர் எரிக் மோபெர்க் பரப்பிய பேப்பர் கிளிப் முறையில் "முனையைச் சுற்றித் தோல் வெளுக்கும் வரை, அதற்கு மேல் வேண்டாம்" என்பதுதான் விதி. வெளுப்பு எப்போது தொடங்குகிறது என்பது ஆளுக்கு ஆள், நிறத்துக்கு நிறம் மாறும். கருத்த தோலில் உள்ளங்கைப் பக்கம் ஓரளவு தெரியும், முன்கையில் சுத்தமாகத் தெரியாது. பேப்பர் கிளிப்பின் வெட்டிய முனையில் பிசிர் இருந்தால் அது வலி உணர்வு, தொடு உணர்வு அல்ல. ஜாமெட்ரி பாக்ஸ் டிவைடரை நேராக வைப்பதும் இதே தப்பு.

இரண்டாவது, திசை. விரலில் இரு முனைகளையும் விரலின் நீளவாக்கில், ஒரே பக்கத்தில் வைக்க வேண்டும். குறுக்கே வைத்தால் ஒரு முனை ஒரு பக்க விரல் நரம்பின் பகுதியிலும் மற்றது மறுபக்க நரம்பின் பகுதியிலும் விழுந்து, எந்த நரம்பைச் சோதித்தோம் என்றே தெரியாமல் போகும்.

மூன்றாவது, கருவியையே மாற்ற வேண்டிய இடம். தொழுநோயிலும் சர்க்கரை நோய்ப் பாதத்திலும் கேட்க வேண்டியது இடக்கூர்மை அல்ல, "கல்லோ சூடோ பட்டால் தெரியுமா" என்பது. அங்கே நைலான் இழைதான் சரி. ஒரு குறிப்பிட்ட விசையில் இழை வளைந்துவிடும், அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் விசை பெரிதாக ஏறாது. பரிசோதிப்பவரின் கைநடுக்கம் இதனால் பெருமளவு கழிந்துவிடுகிறது. பாதத்துக்கு 10 கிராம் இழை வழக்கம். உணர்விழந்த கையும் காலும் புண்ணாவது கிருமியால் மட்டுமல்ல, வலி தெரியாமல் திரும்பத் திரும்பக் காயப்படுவதால் என்பதை 1940களின் பிற்பகுதியிலிருந்து வேலூரில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் எடுத்துக்காட்டிய பிறகு, "உணர்வை அளப்பது" என்பதன் பொருளே இந்தத் துறையில் மாறிப்போனது. உங்கள் செய்முறைக்கு இது நேரடியாக வேண்டாம். ஆனால் வைவாவில் "இது எதற்குப் பயன்படும்?" என்று கேட்டால் மாணவர்கள் இரண்டையும் குழப்பாமல் சொல்லத் தெரிய வேண்டும்.

---

வெர்னியர் பதில்:

மூன்றாம் கேள்விக்கு வருகிறேன். வழி இருக்கிறது, புதுக் கருவிகூட வேண்டாம். கேள்வியை மாற்றினால் போதும். "ஒன்றா ரெண்டா" என்று கேட்காதீர்கள். எப்போதும் இரண்டு முனைகளையும் வையுங்கள். ஒரு தடவை விரலின் நீளவாக்கில், ஒரு தடவை குறுக்குவாக்கில். "நெடுக்கு வைத்தது முதலிலா, இரண்டாவதா?" இவ்வளவுதான் கேள்வி. இரண்டு தொடுகையிலும் முனை இரண்டு, விசை ஒன்று, ஆகவே அழுத்தத் துப்பு செத்துவிடும். முதல், இரண்டாவது என்று கட்டாயமாக ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும் என்பதால் வாய் தாராளத்துக்கும் வேலையில்லை. பதில் சரியா தப்பா என்று உங்களுக்குத் தெரியும், இதுதான் முக்கிய மாற்றம்.

கருவி: டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர். அதன் தாடைகளை அப்படியே தோலில் வைக்க வேண்டாம். ஓரம் கூர்மை, உலோகம் சில்லென்று இருக்கும். குளிர்ந்த பொருள் கனமாகத் தெரியும் என்பது 19ஆம் நூற்றாண்டின் தொடுபுலன் ஆய்வாளர் வேபர் காலத்திலேயே தெரிந்த விஷயம், நெற்றியில் வைத்த குளிர்ந்த வெள்ளி நாணயத்தை வைத்து அவர் காட்டியது. இரண்டு மரப் பல்குத்தும் குச்சிகளை எடுத்துக் கூர்முனையை உப்புத்தாளில் தேய்த்து, சுமார் 1 மி.மீ. அகலமுள்ள மழுங்கிய முனையாக்குங்கள். தாடை ஒவ்வொன்றிலும் ஒரு குச்சியை ஃபெவிகுவிக்கால் ஒட்டுங்கள், முனை தாடையைத் தாண்டி 1 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும். குச்சிகள் ஒன்றையொன்று தொடும் நிலையில் பூஜ்யம் பொத்தானை அழுத்துங்கள். இனித் திரையில் வருவது ஓரத்துக்கு ஓரம் உள்ள இடைவெளி. நடுவுக்கு நடு வேண்டுமென்றால் 1 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டில் எது என்று ரெக்கார்டு நோட்டில் எழுதாமல் விடுவதால் மட்டுமே பக்கத்து மேசைகளுக்கிடையே 1 மி.மீ. தகராறு வரும், விரல் நுனியில் அது பெரிய தொகை.

குச்சிகளின் நீளம் சமமா என்று கண்ணால் பார்த்தால் தெரியாது. ஸ்டாம்ப் பேடில் தொட்டுக் காகிதத்தில் ஒற்றுங்கள். இரண்டு புள்ளியும் ஒரே கருமையில் விழ வேண்டும். ஒன்று வெளிறியிருந்தால் மற்றதைத் தேயுங்கள். இதைச் சும்மா விட்டால், நீளமான குச்சி முதலில் படும், அடுத்தது ஒரு நொடியின் சிறு பகுதி தாமதித்துப் படும். தோல் காலவித்தியாசத்தை மிக நுட்பமாகப் பிடிக்கும். உங்கள் பழைய முறையில் ஒட்டிவைத்த இரண்டு முனைகூட "டக்-டக்" என்று ரெண்டாகத் தெரிந்ததற்கு இது ஒரு காரணமாக இருந்திருக்கும்.

விசைப் பயிற்சி: சமையலறை டிஜிட்டல் தராசின் மேல் ஒரு காகிதம் போட்டு, இரண்டு முனையும் சேர்த்து 10 முதல் 15 கிராம் காட்டும்படி 20 தடவை வைத்து எடுங்கள். கை பழகிய பிறகுதான் ஆளிடம் போக வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தராசுக்குத் திரும்புங்கள், களைத்த கை கனக்கும்.

சப்ஜெக்டின் விரல்: நகம் கீழே, சதை மேலே. சப்பாத்தி மாவு உருண்டையிலோ களிமண்ணிலோ நகப்பக்கத்தை அழுத்திப் பதியவைத்தால் விரல் அசையாது. அசைந்தால் தேய்ப்பு உண்டாகி வேறு துப்பு கிடைக்கும். கண்ணைக் கட்டுவதைவிட ஒரு அட்டைப்பெட்டியின் பக்கத்தில் ஓட்டை போட்டுக் கையை உள்ளே விடச் சொல்வது நல்லது, கட்டிய கண்ணோடு அரை மணி நேரம் இருந்தால் தூக்கம் வரும். கை கழுவி ஈரம் போகத் துடைத்திருக்க வேண்டும். ஏசி அறையில் விறைத்த விரலாக இருந்தால் கொஞ்சம் தேய்த்துச் சூடேற்றிவிட்டு ஆரம்பியுங்கள், குளிர்ந்த தோலில் உணர்வு மந்தம். வீணை, கிதார் வாசித்துக் காய்ப்பு ஏறிய விரலென்றால் வேறு விரலுக்குப் போங்கள்.

ஒரு முயற்சி: "முதல்" என்று சொல்லி வைத்து ஒரு விநாடி அழுத்தம், எடுத்துக் காலிப்பரைத் திருப்ப ஒன்றிரண்டு விநாடி, "இரண்டு" என்று சொல்லி மறுபடி ஒரு விநாடி. பதில். சரி தப்பு என்று சொல்ல வேண்டாம். எது முதலில் என்ற வரிசையை முன்கூட்டியே நாணயம் சுண்டி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மனதில் தோன்றியபடி மாற்றி மாற்றி வைத்தால், மனிதர்கள் தேவைக்கு மேல் மாற்றிவிடுகிறோம், சப்ஜெக்ட் அதை மோப்பம் பிடித்துவிடுவார். இடைவெளி மாறாத போதும் ஒவ்வொரு முறையும் காலிப்பரை நகர்த்தி நகர்த்தி வையுங்கள். இல்லாவிட்டால் அந்த "சரக்" சத்தமே இடைவெளி மாறியதைக் காட்டிக்கொடுக்கும்.

இடைவெளியை மாற்றும் விதி: தொடர்ந்து இரண்டு சரி என்றால் குறுக்கு, ஒரு தப்பு என்றால் விரி. படிக்கட்டு முறை என்பது இதுதான். இந்த விதி 70.7 சதவீதம் சரி என்ற மட்டத்தில் போய் நிற்கும், லெவிட் 1971இல் போட்ட கணக்கு. விரல் நுனிக்கு 5 மி.மீ.யில் தொடங்கி 1 மி.மீ. படி. இரண்டு திருப்பம் (குறுக்குவதிலிருந்து விரிப்பதற்கோ, விரிப்பதிலிருந்து குறுக்குவதற்கோ திசை மாறுவது) ஆனதும் அரை மி.மீ. படி. எட்டுத் திருப்பத்தில் நிறுத்தி, கடைசி ஆறின் சராசரி.

ஒரு மாதிரி ஓட்டம் இப்படி இருக்கும்: 5, 4, 3, 2 எல்லாவற்றிலும் இரண்டு இரண்டு சரி. 1இல் தப்பு, திருப்பம். 2இல் இரண்டு சரி, திருப்பம். இனி அரை மி.மீ. 1.5இல் ஒரு சரி ஒரு தப்பு, திருப்பம். 2இல் இரண்டு சரி, திருப்பம். 1.5இல் இரண்டு சரி, இறங்கு. 1இல் தப்பு, திருப்பம். 1.5இல் மறுபடி தப்பு, இது திருப்பமல்ல, ஏறிக்கொண்டேதான் இருக்கிறோம். 2இல் இரண்டு சரி, திருப்பம். 1.5இல் தப்பு, திருப்பம். 2இல் இரண்டு சரி, எட்டாவது திருப்பம். கடைசி ஆறு: 1.5, 2, 1, 2, 1.5, 2. சராசரி 1.67 மி.மீ. மொத்தம் 24 முயற்சி, ஒன்றுக்குப் பத்து விநாடி என்றால் நான்கே நிமிடம்.

மாணவர்கள் தவறாமல் செய்யும் பிழை, அந்த "மறுபடி தப்பு" இடத்தையும் திருப்பமாக எண்ணுவது. திசை மாறினால்தான் திருப்பம்.

---

வினவி எழுதியது:

தெளிவாகிவிட்டது, மூவருக்கும் நன்றி. இரண்டு சின்னச் சந்தேகம். 30 மாணவர்கள், ஒன்றரை மணி நேரம்தான். இரண்டு தொடுகை வைக்காமல் ஒரே தொடுகை வைத்து "நெடுக்கா, குறுக்கா?" என்று கேட்டால் நேரம் மிச்சமாகாதா? முன்கைக்கு எந்த எண்ணில் தொடங்குவது?

---

மெர்க்கெல்_வட்டு பதில்:

ஒரே தொடுகை வைத்தால் வாய்ச்சாய்வு பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடும். சந்தேகம் வந்தாலே "நெடுக்கு" என்று சொல்லும் ஆள் இருப்பார். முன்கையில் இது இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே தோல் இரண்டு திசையிலும் ஒரே மாதிரி இல்லை. கை, கால்களில் குறுக்குவாக்கில் கூர்மை அதிகம், நெடுக்குவாக்கில் குறைவு. வேபரே கவனித்துச் சொன்னது. அதனால் முன்கையில் குறுக்கே வைத்த முனைகள் பளிச்சென்று விலகித் தெரியும், நெடுக்கே வைத்தவை ஒட்டித் தெரியும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிடச் சொன்னால் இந்தச் சாய்வு பெருமளவு கட்டுப்படும். நேரம் கண்டிப்பாகக் குறைக்க வேண்டுமென்றால் உள்ளங்கையை விட்டுவிடுங்கள், தொடுகையை விடாதீர்கள். மூவர் குழு பத்து: ஒருவர் வைப்பவர், ஒருவர் எழுதுபவர், ஒருவர் சப்ஜெக்ட்.

முன்கைக்கு 60 மி.மீ.யில் தொடங்கி 8 மி.மீ. படி, இரண்டு திருப்பத்துக்குப் பின் 4. முன்கை குறுகலான ஆட்களுக்குக் குறுக்குவாக்கில் 60 வைக்க இடமிருக்காது, வளைந்து பக்கவாட்டில் இறங்கிவிடும். அவர்களுக்கு 45இல் தொடங்குங்கள், எழுதி வையுங்கள்.

எண்கள் ஆளுக்கு ஆள் இனியும் மாறும், அது பிழை அல்ல. பீட்டர்ஸ், ஹேக்மன், கோல்ட்ரைக் 2009இல் காட்டியபடி சின்ன விரல் நுனிக்குக் கூர்மை அதிகம். சராசரியில் பெண்கள் ஆண்களைவிட நுட்பமாக இருப்பதற்கு விளக்கம் விரல் அளவுதான் என்று முடித்தார்கள். ஆகவே விரல் நுனியின் அகலத்தையும் அதே காலிப்பரால் அளந்து ஒரு பத்தியில் போடச் சொல்லுங்கள், வரைபடம் வரைய நல்ல விஷயம். வயது ஏற ஏறக் கூர்மை குறையும், கல்லூரி வகுப்பில் அந்தப் பிரச்சினை ஆசிரியருக்கு மட்டும்.

ஒப்பிடப் பழைய எண் வேண்டுமென்றால், 1834இல் லைப்சிக்கில் வேபர் கவராயத்தை வைத்து எடுத்தவை: நாக்கு நுனியில் அரை பாரிஸ் கோடு, விரல் நுனியில் ஒரு கோடு, முதுகின் நடுவில் 30 கோடு. ஒரு பாரிஸ் கோடு சுமார் 2.26 மி.மீ. விரலுக்கு 2.3, முதுகுக்கு 68 என்று ஆகிறது. பிரெயில் கட்டத்தில் புள்ளிக்குப் புள்ளி இடைவெளி சுமார் 2.5 மி.மீ., தமிழுக்கான பாரதி பிரெயிலுக்கும் அதே கட்டம்தான். விரலால் வாசிக்க முடிகிற அந்த எழுத்தை முன்கையில் ஒற்றினால் வெறும் சொரசொரப்பு.

வகுப்பு முடியும்போது ஐந்து நிமிடம் மிச்சமிருந்தால் வேபரின் இன்னொரு வேலையைச் செய்து பாருங்கள். காலிப்பரை ஒரே இடைவெளியில் பூட்டிவிட்டு, முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, காதோரத்திலிருந்து கன்னம் வழியாக உதடு வரை மெதுவாக இழுத்துச் செல்லுங்கள், ஒரு முனை மேலுதட்டுப் பக்கமும் மற்றது கீழுதட்டுப் பக்கமும் போகும்படி. உதட்டை நெருங்க நெருங்கக் காலிப்பர் தானாக விரிவது போல இருக்கும். ஆளுக்கு ஆள் முனையைத் துடைத்துவிட்டு வையுங்கள், குச்சியில் ஸ்டாம்ப் பேடு மை மிச்சமிருந்தால் மீசை முளைத்துவிடும்.

---

கைச்சிகிச்சை_மேசை பதில்:

உதட்டில் வைக்கப் போகிறீர்களென்றால் துடைத்தால் போதாது, ஆளுக்கு ஒரு புதுக் குச்சி. ஒட்டாமல் செல்லோடேப்பில் சுற்றினால் மாற்றுவது எளிது. ஆனால் ஒவ்வொரு முறை மாற்றியதும் பூஜ்யத்தை மறுபடி அழுத்த வேண்டும், ஸ்டாம்ப் பேடு சோதனையை வேறொரு காகிதத்தில் பழைய குச்சியோடு முடித்துவிட்டு வாருங்கள்.

---

வெர்னியர் பதில்:

பழைய குச்சியின் நீளத்தைச் சோதித்துவிட்டுப் புதுக் குச்சியை மாட்டினால் சோதனை எதற்கு? உதட்டு விளையாட்டுக்கு நீளம் சமமாக இருக்க வேண்டிய அவசியமில்லை, அங்கே எல்லை எடுக்கவில்லை. விரல் நுனி ரீடிங் எடுக்கும் குச்சிகளை மட்டும் ஒட்டியே வையுங்கள், மாற்றாதீர்கள், ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் மை போய்விடும்.

---

கைச்சிகிச்சை_மேசை பதில்:

சரிதான், அது தப்பாகச் சொன்னது. ரீடிங்குக்கு ஒட்டிய குச்சி, உதட்டுக்கு டேப் சுற்றிய குச்சி, இரண்டு காலிப்பர்.